தாஷ்கண்டில் சாஸ்திரி முன் இருந்த வழிகள்: ஹாஜி பீரைக் கொடுத்திருக்க வேண்டுமா?

என் பெரியப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். சாப்பிட்டு முடித்ததும் மேசையில் இரண்டு டம்ளர்களைத் தள்ளித் தள்ளி வைப்பார். "இது உரி, இது பூஞ்ச்" என்பார்; இரண்டும் ஜம்மு காஷ்மீரில் உள்ள ஊர்கள். நடுவில் உப்புக் கிண்ணத்தை வைத்து, "இதுதான் ஹாஜி பீர் கணவாய்" என்று அதன் மேல் விரலை ஊன்றுவார். ஒரு டம்ளரிலிருந்து இன்னொன்றுக்குக் கிண்ணத்தின் வழியே விரல் நேராகப் போகும். கிண்ணத்தைத் தொடாமல் போக வேண்டுமென்றால் விரல் மேசையின் விளிம்பு வரை போய்ச் சுற்றிவர வேண்டும். "நேராப் போனா அம்பது சொச்சம் கிலோமீட்டர். இது நம்ம கையில இல்லேன்னா ஸ்ரீநகர், ஜம்முன்னு ஊரைச் சுத்தணும். புடிச்சதைக் கொடுத்துட்டு வந்துட்டாங்கடா" என்று முடிப்பார். அந்தக் கோபம் அவருக்குக் கடைசிவரை தீரவில்லை.

அவருடைய கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பல வருடங்களாக இதைப் படித்துப் படித்து, வேறு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். 1966 ஜனவரியில் லால் பகதூர் சாஸ்திரி முன் என்னென்ன வழிகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் என்ன விலை என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அவரை நியாயமாக எடைபோட முடியும்.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1964 ஜூன் 9 அன்று சாஸ்திரி பிரதமரானார். நேருவுக்குப் பிறகு யார் என்ற கேள்விக்குக் காமராஜர் எல்லோரிடமும் பேசி எடுத்த முடிவு அது. 1965 ஏப்ரலில் கட்ச் பகுதியில் மோதல். ஆகஸ்ட் 5 முதல் காஷ்மீருக்குள் பாகிஸ்தான் ஆயிரக்கணக்கான ஊடுருவல்காரர்களை அனுப்பியது. அவர்கள் வரும் வழியை அடைக்க நம் படை போர்நிறுத்தக் கோட்டைத் தாண்டியது. செப்டம்பர் 1 அன்று பாகிஸ்தான் டாங்கிகள் சம்ப் பகுதிக்குள் புகுந்து அக்னூரை நோக்கி வந்தன. செப்டம்பர் 6 விடியற்காலையில் நம் படை பஞ்சாபில் சர்வதேச எல்லையைக் கடந்து லாகூர் பக்கம் போனது. செப்டம்பர் 23 அதிகாலை 3.30க்குப் போர் நின்றது. 1966 ஜனவரி 4 முதல் தாஷ்கண்டில் சோவியத் பிரதமர் கோசிகின் முன்னிலையில் பேச்சு. 10ஆம் தேதி கையெழுத்து. அன்று இரவே சாஸ்திரி இறந்துபோனார்.

லாகூர் போர்முனையைத் திறந்த முடிவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அக்னூர் பாலம் போனால் ரஜோரி, பூஞ்ச் பகுதிகளுக்குப் போகும் சாலையே அறுந்துவிடும். சம்ப்பிலேயே நின்று அடிவாங்குவதா, எதிரி தன் படையைப் பிரித்து அனுப்ப வேண்டிய இடத்தில் அடிப்பதா என்பதுதான் கேள்வி. உருவத்தில் சிறியவர், மென்மையாகப் பேசுபவர் என்று அவரைக் குறைத்து எடைபோட்டவர்கள் எல்லோருக்கும் அன்று பதில் கிடைத்தது. தாஷ்கண்டை அந்த அளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது.

ஹாஜி பீர் எப்படிக் கிடைத்தது என்று தெரிந்தால்தான் அதைக் கொடுத்தது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று புரியும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் உள்ள கணவாய் அது. முதல் பாராசூட் படைப்பிரிவின் மேஜர் ரஞ்சித் சிங் தயாள் ஆகஸ்ட் 27 இரவு தன் ஆட்களோடு மலையேறத் தொடங்கினார். கொட்டும் மழை, காலடியில் சேறு, தோளில் ஆயுதம். இரவு முழுக்க ஏறி, மறுநாள் காலை பத்தரை மணி வாக்கில் கணவாயைப் பிடித்தார்கள். அவருக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. ஊடுருவல்காரர்கள் வந்துபோன முக்கியமான வாசல்களில் ஒன்று அப்படித்தான் அடைக்கப்பட்டது. அதைப் பிடித்தவர்களிடம் போய், ஆறு மாதத்தில் இறங்கி வாருங்கள் என்று எப்படிச் சொல்வது? என் பெரியப்பாவின் கேள்வி இதுதான். அது சரியான கேள்விதான்.

சரி, சாஸ்திரி என்ன செய்திருக்கலாம்?

முதல் வழி, கையெழுத்துப் போடாமல் திரும்பி வருவது. ஜனவரி 8, 9 தேதிகளில் பேச்சு முறியும் நிலையில்தான் இருந்தது. காஷ்மீரைப் பற்றி ஏதாவது ஒரு வாக்குறுதி வேண்டும் என்றார் பாகிஸ்தான் அதிபர் அயூப் கான். காஷ்மீர் பேச்சுக்கு உரியதே அல்ல, இனி ஆயுதம் எடுக்கமாட்டோம் என்று சொல்லுங்கள் என்றார் சாஸ்திரி. அப்படியே எழுந்து வந்திருந்தால் டெல்லி விமான நிலையத்தில் மாலை விழுந்திருக்கும். நாடே கொண்டாடியிருக்கும்.

மாலை வாடிய பிறகு என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள். போர் தொடங்கிய சில நாட்களிலேயே, செப்டம்பர் 8 அன்று, அமெரிக்கா இரு நாடுகளுக்கும் ஆயுத உதவியை நிறுத்திவிட்டது. செப்டம்பர் மத்தியில் சிக்கிம் எல்லையைச் சாக்கிட்டு சீனா நமக்கு மூன்று நாள் கெடு விதித்தது. 1962 நடந்து மூன்றே வருடம் ஆகியிருந்தது. அந்தப் பயம் யாருக்கும் போகவில்லை. அந்த நிலையில் நமக்கு ஆயுதமும் கொடுத்து, ஐ.நா. பாதுகாப்பு சபையில் காஷ்மீர் விஷயத்தில் 1957லும் 1962லும் வீட்டோவும் போட்ட ஒரே வல்லரசு சோவியத் யூனியன். அந்த நாட்டின் பிரதமர் தன் மண்ணில், தன் பெயரைப் பணயம் வைத்து நடத்தும் பேச்சிலிருந்து எழுந்து வருவதென்றால், அடுத்த முறை பாதுகாப்பு சபையில் காஷ்மீர் தீர்மானம் வரும்போது கை தூக்க யார் இருந்திருப்பார்கள்?

அதைவிடப் பெரிய கவலை வயிறு. 1965இல் பருவமழை பொய்த்தது. 1964-65இல் சுமார் 8.9 கோடி டன்னாக இருந்த உணவு தானிய விளைச்சல் அடுத்த ஆண்டு சுமார் 7.2 கோடி டன்னாக விழுந்தது. பி.எல். 480 திட்டத்தில் அமெரிக்காவிலிருந்து வரும் கோதுமைக் கப்பல்களை எதிர்பார்த்துத்தான் நகரங்களின் ரேஷன் ஓடிக்கொண்டிருந்தது. அமெரிக்க அதிபர் ஜான்சன் அந்தக் கோதுமையை மொத்தமாகத் தராமல், கொஞ்சம் கொஞ்சமாக, மாதக்கணக்கில் அளந்து தரும் நிலைக்கு வந்திருந்தார். உணவு அமைச்சராக இருந்த நம்ம சி. சுப்பிரமணியம் 1965 நவம்பரில் ரோமில் அமெரிக்க விவசாய அமைச்சர் ஃப்ரீமனைச் சந்தித்து, விவசாயக் கொள்கையையே மாற்றுகிறோம் என்று உறுதி கொடுத்துவிட்டு வந்திருந்தார். வாரத்துக்கு ஒரு வேளை சாப்பாட்டை விடுங்கள் என்று பிரதமரே மக்களிடம் கேட்டிருந்தார். அதை முதலில் தன் வீட்டில் செய்து பார்த்துவிட்டுத்தான் மக்களிடம் கேட்டார் என்பதுதான் எனக்கு அந்த மனிதரிடம் மிகவும் பிடித்த விஷயம். 'ஜெய் ஜவான், ஜெய் கிசான்' என்ற முழக்கத்தில் சிப்பாயும் விவசாயியும் சேர்ந்து இருப்பது ஒலி அழகுக்காக வைத்தது இல்லை. இரண்டு கவலைகளும் ஒரே மேசையில் இருந்தன.

லட்சக்கணக்கான ஆட்கள் கொண்ட இரு படைகள் எல்லையில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு மாதக்கணக்கில் நிற்க, போர்நிறுத்தமும் தினம் தினம் மீறப்பட, வறட்சி வருடத்தை அப்படியே கடத்துவது என்பதுதான் முதல் வழியின் விலை. என் கணக்கில் அது தாங்கக்கூடிய விலை இல்லை.

இரண்டாவது வழிதான் பெரியப்பாவுடைய வழி. லாகூர், சியால்கோட் பக்கம் பிடித்ததையெல்லாம் கொடுத்துவிடு, ஹாஜி பீரை மட்டும் வைத்துக்கொள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இந்தியா பிடித்திருந்தது சுமார் 1,900 சதுர கிலோமீட்டர்; பாகிஸ்தான் பிடித்திருந்தது சுமார் 540 என்பது நம் தரப்புக் கணக்கு. அதிகம் வைத்திருப்பவன் கொஞ்சம் மிச்சம் பிடித்துக்கொள்ளக் கூடாதா?

இந்த வழியை வெறும் ஆசை என்று தள்ள முடியாது. ஆறு வருடம் கழித்து அதுவே நடந்தது. 1972 சிம்லா உடன்பாட்டில், சர்வதேச எல்லையில் பிடித்ததைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஜம்மு காஷ்மீரில் மட்டும் யார் எங்கே நிற்கிறார்களோ அதுவே கட்டுப்பாட்டுக் கோடு என்று வைத்துக்கொண்டார்கள். லடாக்கில் துர்துக் அப்படித்தான் நம்மிடம் வந்தது. அப்படியானால் 1966இலும் இதே விதியை வைத்திருக்கலாமே?

இங்கேதான் மேசை மேல் மூன்றாவது டம்ளர் ஒன்று தேவைப்படுகிறது. பெரியப்பா அதை வைக்கவே மாட்டார். அது சம்ப்.

பாகிஸ்தான் பிடித்திருந்த 540 சதுர கிலோமீட்டரில் பெரும்பகுதி சம்ப் பக்கம்தான் இருந்தது. அவர்கள் முனாவர் தாவி ஆற்றைத் தாண்டி, ஜௌரியானையும் பிடித்து, அக்னூரை நெருங்கி நின்றார்கள். அக்னூரில்தான் செனாப் ஆற்றின் மேல் பாலம் இருக்கிறது. பூஞ்சுக்குப் போகும் அரிசியும் குண்டும் அந்தப் பாலத்தைத்தான் கடக்க வேண்டும். காஷ்மீரில் அவரவர் இடத்தில் அவரவர் என்ற விதியை வைத்திருந்தால், ஹாஜி பீர் நமக்கு வந்திருக்கும். அக்னூரின் வாசற்படி வரை அவர்களுக்குப் போயிருக்கும். உரியிலிருந்து பூஞ்சுக்கு மேலே ஒரு புதிய குறுக்கு வழி கிடைத்திருக்கும். ஆனால் பூஞ்சுக்குக் கீழேயிருந்து வரும் பிரதான சாலை பீரங்கியின் வாயில் உட்கார்ந்திருக்கும். பனிக்காலத்தில் ஹாஜி பீர் வழியை மட்டும் நம்பி ஒரு படைப்பிரிவுக்குச் சோறு போட முடியுமா?

அங்கே வாழ்ந்த மக்களும் இருக்கிறார்கள். சம்ப், ஜௌரியான் பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் செப்டம்பரில் அப்படியே போட்டதைப் போட்டபடி கிளம்பி வந்திருந்தார்கள். பஞ்சாபில் கேம் கரணிலும் அதே நிலை. தாஷ்கண்டுக்குப் பிறகு அவர்களால் ஊர் திரும்ப முடிந்தது. 1971 போரில் சம்ப் மறுபடி போனது. அப்போது சிம்லா விதிப்படி தாவிக்கு மேற்கே உள்ளது திரும்பி வரவில்லை. அந்த மக்கள் நிரந்தரமாக அகதிகள் ஆனார்கள். எனக்கு இது மேசை மேல் வைக்கும் டம்ளர் இல்லை. வீடு வாசல் உள்ள ஊர். ஹாஜி பீரைப் பற்றிப் பேசும் பத்துப் பேரில் ஒருவர்கூட சம்ப்பைப் பற்றிப் பேசுவதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

ஹாஜி பீரையும் வைத்துக்கொண்டு சம்ப்பையும் வாங்கிவிடலாம் என்று ஒரு கிளை வழி சொல்கிறவர்கள் உண்டு. பதிலுக்கு லாகூர்ப் பக்கத்து நிலத்தை முழுக்கக் கொடுத்திருந்தால் அயூப் கான் சம்மதித்திருப்பார் என்பது வாதம். நான் நம்பவில்லை. காஷ்மீரைப் பிடிக்கப் போய், கையில் இருந்த காஷ்மீரிலும் ஒரு துண்டை விட்டுவிட்டு ஊர் திரும்பும் ராணுவ ஆட்சியாளர் ஒரு வாரம்கூட நாற்காலியில் இருந்திருக்க மாட்டார். எதையும் விடாமல் திரும்பியதற்கே லாகூரில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஒப்பந்தத்தில் அதிருப்தி கொண்ட வெளியுறவு அமைச்சர் பூட்டோ ஜூன் மாதத்தில் அரசைவிட்டுப் போனார். அவர்கள் தோற்றதாக நினைத்தார்கள், நாமும் தோற்றதாக நினைத்தோம். அதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவது வழி, அவர் போட்ட கையெழுத்து. பிப்ரவரி 25க்குள் இரு படைகளும் 1965 ஆகஸ்ட் 5க்கு முன் இருந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும். தூதர்கள் திரும்ப வேண்டும், கைதிகளை விடுவிக்க வேண்டும். பூசல்களை அமைதி வழியில் தீர்ப்போம், பலத்தைப் பயன்படுத்த மாட்டோம் என்று ஐ.நா. சாசனத்தின் பேரில் இருவரும் மறுபடி உறுதி சொன்னார்கள். காஷ்மீர் பற்றி அவரவர் நிலைப்பாட்டைச் சொன்னார்கள் என்ற ஒரே வரி. வாக்கெடுப்பு என்ற சொல் கிடையாது, மூன்றாம் தரப்பு கிடையாது. எதற்காகப் போரைத் தொடங்கினார்களோ அந்த விஷயத்தில் பாகிஸ்தானுக்குக் கிடைத்தது அந்த ஒரு வரிதான்.

இதன் விலை என்ன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊடுருவலுக்கான ஒரு வாசல் மறுபடி திறந்துவிட்டது. 1989க்குப் பிறகு காஷ்மீரில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கணவாய் நம்மிடம் இருந்திருந்தால் என்ற ஏக்கம் வராமல் போகாது. பலப்பிரயோகம் இல்லை என்ற உறுதியும் ஆறு வருடம்கூட நிற்கவில்லை. இங்கேயும் கோபம் பெரிதாக இருந்தது. மத்திய அமைச்சர் மகாவீர் தியாகி இதற்காகவே பதவி விலகினார். பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் சாஸ்திரியோடு தாஷ்கண்ட் போயிருந்தவர். அந்த இரவு சாஸ்திரி வீட்டுக்குத் தொலைபேசியில் பேசியபோது, ஹாஜி பீரைக் கொடுத்தது வீட்டில் இருந்தவர்களுக்கே பிடிக்கவில்லை என்று தெரிந்து மனம் உடைந்தார் என்று அவர் பின்னாளில் எழுதினார். சொந்த வீடே ஏற்காத ஒரு முடிவை, சரி என்று தோன்றியதால் எடுத்துவிட்டு, அறையில் தனியாக நடந்துகொண்டிருந்த அந்த மனிதரை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கும்.

தமிழ்நாட்டில் சாஸ்திரியின் பெயர் இன்னொரு காரணத்துக்காகவும் நினைவில் இருக்கிறது. அதே 1965இன் தொடக்கத்தில்தான் இந்தி எதிர்ப்புப் போராட்டம். சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தார்கள். கடைசியில் சாஸ்திரி வானொலியில் பேசி, ஆங்கிலம் பற்றி நேரு கொடுத்த வாக்குறுதி நிற்கும் என்று உறுதி சொன்னார். உயிர்கள் போன பிறகு, தாமதமாக வந்த உறுதி அது. அந்த மனக்குறை நியாயமானது. ஆனாலும் எடுத்த நிலையிலிருந்து இறங்கி வருவதை அவமானமாக நினைக்காதவர் என்பதை அங்கேயும் பார்க்கிறேன்.

அப்போது தவறே நடக்கவில்லையா? நடந்தது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அது ஜனவரி 10 அன்று நடக்கவில்லை, செப்டம்பர் 20க்கும் 22க்கும் நடுவில் நடந்தது.

செப்டம்பர் 20 அன்று பாதுகாப்பு சபை 211ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. போரை நிறுத்துங்கள் என்பதோடு, ஆகஸ்ட் 5க்கு முன் இருந்த நிலைக்கு எல்லாப் படைகளும் திரும்ப வேண்டும் என்பதும் அதிலேயே இருந்தது. அதன் பேரில் போரை நிறுத்தியபோதே ஹாஜி பீரின் மேல் ஒரு கேள்விக்குறி விழுந்துவிட்டது. தாஷ்கண்டில் கோசிகின் அந்தத் தாளை எடுத்துத்தான் மேசையில் வைக்க முடிந்தது.

அந்த நாட்களில் சாஸ்திரி தளபதி ஜே.என். சௌத்ரியிடம் கேட்டார்: இன்னும் சில நாள் நீடித்தால் பெரிய வெற்றி ஏதாவது கிடைக்குமா? முன்வரிசை வெடிமருந்தில் பெரும்பகுதி தீர்ந்துவிட்டது, டாங்கி இழப்பும் அதிகம் என்று பதில் வந்தது. பிறகு கணக்கெடுத்தபோது, செலவானது சுமார் 14 சதவீதம்தான் என்று தெரிந்தது. பாகிஸ்தான் பக்கம்தான் கையிருப்பு அடிமட்டத்துக்குப் போயிருந்தது. பிரதமர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். கையில் கிடைத்த எண் தவறானது.

சரியான எண் கிடைத்திருந்தால் இன்னும் ஒரு வாரம் சண்டை போட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. லாகூருக்கு முன்னால் இச்சோகில் கால்வாய் இருந்தது. சியால்கோட் பக்கம் சவிண்டாவில் நம் டாங்கிகள் முட்டி நின்றுவிட்டன. ஒரு வாரத்தில் இன்னும் சில ஆயிரம் பேர் செத்திருப்பார்கள், வரைபடம் பெரிதாக மாறியிருக்காது. ஆனால் வெடிமருந்து இருக்கிறது என்று தெரிந்த பிரதமர் வேறு மாதிரிப் பேசியிருப்பார். போரை நிறுத்துகிறோம், ஆனால் ஊடுருவல் வந்த வாசல்களைப் பற்றித் தனியாக உறுதி கிடைக்கும்வரை அங்கிருந்து இறங்கமாட்டோம் என்று ஏற்கும்போதே எழுத்தில் ஒரு நிபந்தனையைப் போட்டிருக்கலாம். கிடைத்திருக்குமா என்று சொல்ல முடியாது. கேட்பதற்கான வலு அன்று இருந்தது, ஜனவரியில் இல்லை.

அதனால் என் தேர்வு மூன்றாவது வழிதான். ஜனவரி 10 அன்று அந்த நாற்காலியில் யார் இருந்திருந்தாலும், சம்ப் திரும்பி வர வேண்டும், கோதுமைக் கப்பல் வர வேண்டும், சோவியத் வீட்டோ கையில் இருக்க வேண்டும் என்று நினைத்தால் அந்தக் கையெழுத்தைத்தான் போட்டிருக்க வேண்டும். இதைப் பெரியப்பாவிடம் ஒருமுறை சொன்னேன். மூன்றாவதாக ஒரு டம்ளரை எடுத்து வைத்து, "இது சம்ப், இது அக்னூர்ப் பாலம்" என்று என் விரலால் கோடு போட்டுக் காட்டினேன். வெகுநேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உப்புக் கிண்ணத்தை எடுத்து மூடியைப் போட்டு அலமாரியில் வைத்தார். "அந்த 14 சதவீதம் கணக்கை எடுத்தவன் முன்னாடியே எடுத்திருக்கலாம்டா" என்றார்.